இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுப்பது எப்படி?

இங்கிலாந்து போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒரு மேட்ச் பார்த்துவிடலாமா?" பார்க்கலாம். ஆனால் அங்கே போய் இறங்கிக் கவுண்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. சில வேலைகளை ஊரிலிருந்தே, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். விசா, தங்கும் இடம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கே மேட்ச் டிக்கெட் மட்டும்தான். இந்தியாவிலிருந்து கார்டு போட்டு வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இந்திய வங்கித் தகராறைப் பற்றிய 3-ஆம் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

1. முதலில் தேதி

இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம், அதில் 19 சொந்த மைதானத்தில். அட்டவணை ஜூனில் வெளியாகும். அதில் முக்கால்வாசி ஆட்டங்கள் "சனிக்கிழமை பிற்பகல் 3 மணி" என்று இருக்கும். அதை நம்பி வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிறு காலை கிளம்புகிற மாதிரி திட்டம் போடாதீர்கள். டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான நேரம் தெரியும். அந்த ஆட்டம் வெள்ளி இரவுக்கும் போகலாம், திங்கள் இரவு 8 மணிக்கும் போகலாம். வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டி ஆடும் அணி என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். கோப்பைப் போட்டி குறுக்கிட்டால் வேறு வாரத்துக்கே தள்ளிவிடுவார்கள்.

அதனால் வெள்ளி முதல் செவ்வாய் காலை வரை அதே ஊரில் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் சொல்வது: ஒரே அணியைக் குறிவைக்காமல், அந்த வார இறுதியில் லண்டனிலோ மான்செஸ்டர்–லிவர்பூல் பக்கமோ யார் யார் சொந்த மைதானத்தில் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளுக்காக லீக் நிற்கும் வாரங்கள் உண்டு. அப்போது பிரீமியர் லீகும் இருக்காது, அதற்கு அடுத்த சாம்பியன்ஷிப்பும் இருக்காது. அவற்றுக்கும் கீழே உள்ள லீக் ஒன், லீக் டூ ஆட்டங்கள் மட்டும் பெரும்பாலும் நடக்கும்.

(3 மணி ஆட்டம் பற்றி ஒரு வேடிக்கை. சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனில் கால்பந்தை நேரலையாகக் காட்டக் கூடாது என்று ஒரு தடை இருக்கிறது. டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்று 1960-களில் பர்ன்லி அணியின் நிர்வாகத் தலைவர் பாப் லார்ட் பிடிவாதமாக நின்றதால் வந்தது. ஆக, நாம் சென்னையில் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டத்தை மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர் டிவியில் பார்க்க முடியாது.)

2. மெம்பர்ஷிப்

லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், செல்சி, டாட்டன்ஹாம் போன்ற அணிகளில் டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதே அபூர்வம். சீசன் டிக்கெட்காரர்கள் போக மீதி, உறுப்பினர்களுக்கு. ஆண்டுச் சந்தா ஏறக்குறைய 30 முதல் 50 பவுண்டு வரை. யார் வேண்டுமானாலும் சேரலாம், வெளிநாட்டுக்காரருக்குத் தடை இல்லை. ஒன்று கவனியுங்கள்: சந்தா கட்டினால் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வரிசையில் நிற்கும் உரிமைதான் அது. போகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

சிறிய அணி என்றால் சுலபமாகக் கிடைக்கும் என்பதும் தப்புக்கணக்கு. பிரென்ட்ஃபோர்டின் மைதானத்தில் மொத்தமே சுமார் 17,000 இருக்கைகள். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் சுமார் 74,000.

ஆர்சனல், லிவர்பூல் இரண்டிலும் உறுப்பினர்களுக்குக் குலுக்கல். லிவர்பூலில் சீசன் தொடங்கும் முன்பே கோடையில் பதிவுசெய்ய வேண்டும். அக்டோபரில் ஆசை வந்து பயனில்லை. சில அணிகளில் குலுக்கலில் பெயர் விழுந்தால் பணத்தைக் கார்டிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்து போகிறவர்கள் ஒரே குழுவாக விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கு விழுந்து மற்றவருக்கு விழாது.

குலுக்கல் இல்லாத அணிகளில் குறித்த நேரத்தில் அணியின் இணையதளத்தில் விற்பனை திறக்கும். காலை 10 மணி என்றால் அது பிரிட்டன் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு 2:30, மற்ற மாதங்களில் 3:30. இது தட்கல் மாதிரி இல்லை, விரல் வேகத்துக்கு மதிப்பு கிடையாது. திறப்பதற்கு முன் காத்திருப்பு அறைக்குள் வந்துவிட்ட எல்லோருக்கும் வரிசை எண்ணைப் பெரும்பாலும் கணினியே கலைத்துப்போட்டுக் கொடுக்கும். பத்து நிமிடம் முன்னால் உள்ளே இருந்தால் போதும். அப்புறம் ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், வி.பி.என். இருந்தால் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் செய்வதுதான் என் கட்சி. போனில் இருக்கை வரைபடத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பெரிதாக்குவதற்குள் அந்த இருக்கை போய்விடும்.

3. பணம் கட்டும் இடம்: இங்கேதான் மாட்டும்

இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் மேலே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். சில நிமிடங்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும். கார்டு எண் போட்டதும் வங்கியின் பக்கம் திறக்கும், ஓ.டி.பி. கேட்கும். என் வங்கியிலிருந்து ஓ.டி.பி. ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது கடிகாரம் முடிந்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு இருக்கைகளும் கூடையிலிருந்து போய்விட்டன. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "வெளிநாட்டு வணிகர் சார், அப்படித்தான்" என்றார்கள். எனவே இந்த நாலு விஷயங்களை முன்கூட்டியே சரிபாருங்கள்.

முதலாவது, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா? ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். ஆன்லைனுக்கும் வெளிநாட்டுக்கும் நாமே வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். வரம்புத் தொகையையும் அங்கேயே பாருங்கள். சுவிட்சைத் திறந்துவிட்டு வரம்பை மாற்றாமல் விட்டால் பயனில்லை.

இரண்டாவது, யு.பி.ஐ. வேலைக்கு ஆகாது. ரூபே கார்டை நம்பி உட்காராதீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு, அதுவும் வேறு வேறு வங்கியில் இரண்டு. நாணய மாற்றுக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள். பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இருந்தால் அது மிச்சம்.

மூன்றாவது, முகவரிப் படிவம். முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பின்கோடு. மாற்றிச் செய்தால் நம் 600 என்று தொடங்கும் எண்ணை பிரிட்டன் பின்கோடு என்று நினைத்து, தவறு தவறு என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கும் தளங்கள் உண்டு.

நான்காவதுதான் முக்கியம்: ஒத்திகை. மெம்பர்ஷிப் சந்தாவை எந்தக் கார்டில் கட்டுகிறீர்களோ அதிலேயே டிக்கெட்டையும் வாங்குங்கள். சந்தா கட்டும்போது கடிகாரம் ஓடாது. ஓ.டி.பி. எவ்வளவு நேரத்தில் வருகிறது, வங்கி தடுக்கிறதா என்பதெல்லாம் நிதானமாகத் தெரிந்துவிடும். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதி இருந்தால் குறுஞ்செய்தியைவிட அதுவே மேல்.

பிரிட்டன் போன பிறகு வாங்குவதாக இருந்தால் இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். ரோமிங் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராது.

4. முதல் விற்பனையில் கிடைக்கவில்லையா?

கவலை வேண்டாம். வெளிநாட்டுக்காரருக்கு நிஜமான வழி டிக்கெட் எக்ஸ்சேஞ்ச்தான் என்பது என் கருத்து. வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையை அணியின் தளத்திலேயே திருப்பிக் கொடுப்பார்கள். உறுப்பினர்கள் அதை வாங்கலாம். ஒரே நேரத்தில் மொத்தமாக வராது. ஒன்றிரண்டாகத் தலைகாட்டும், சில வினாடிகளில் மறைந்துவிடும். ஆட்டம் நெருங்க நெருங்க அதிகமாகும், முந்தின நாள்கூடக் கிடைக்கும். ஒற்றை இருக்கை என்று தேடுங்கள். இருவரும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தால் இருவருமே வெளியில்தான்.

"பார்வைத் தடை" என்று குறிப்பிட்ட இருக்கைகள் விலை குறைவாக இருக்கும். கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க் போன்ற பழைய மைதானங்களில் அதற்கு அர்த்தம், உங்களுக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே ஓர் இரும்புத் தூண். 2022 முதல் சில பகுதிகளில் நின்றுகொண்டே பார்க்க அனுமதி உண்டு. குழந்தையோடும் வயதானவரோடும் போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்க்கவும்.

அணிகளே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட்டும் உண்டு. சாப்பாடு, மெத்தை இருக்கை எல்லாம் சேர்த்து விலை கடிக்கும், பெரிய ஆட்டம் என்றால் சில நூறு பவுண்டு. ஆனால் மெம்பர்ஷிப் தேவையில்லை, சட்டப்படியானது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்வது மறுவிற்பனைத் தளங்களைத்தான். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி குற்றம். இசைக் கச்சேரி டிக்கெட்டுக்கு இந்தத் தடை இல்லை, கால்பந்துக்கு மட்டும். இரண்டு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்து அடிதடி ஆகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். கூகுளில் தேடினால் முதலில் வருவதெல்லாம் வெளிநாட்டில் பதிவுசெய்த பளபளப்பான தளங்கள். அங்கே வாங்கினால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பெயரில் உள்ள பாஸைத்தான் தருவார்கள். வாசலில் பிடித்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான். அனுமதியில்லாத தளங்களின் பட்டியலைப் பிரீமியர் லீகே வெளியிடுகிறது. சந்தேகம் வந்தால் பாருங்கள்.

5. டிக்கெட் போனில்

காகித டிக்கெட் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பல மைதானங்களில் ஆப்பிள் வாலட்டிலோ கூகுள் வாலட்டிலோ பாஸை ஏற்றி, வாசலில் உள்ள கருவியில் போனைக் காட்ட வேண்டும். அதற்குப் போனில் என்.எஃப்.சி. (கருவிக்கு அருகில் காட்டினாலே தகவலைப் பரிமாறும் வசதி) வேண்டும். நம் ஊரில் விற்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது கிடையாது. செட்டிங்ஸில் தேடி இப்போதே உறுதிசெய்யுங்கள். கூகுள் பே வேறு, கூகுள் வாலட் வேறு. வாலட் இந்தியாவுக்கு வந்ததே 2024 மே மாதம்தான், அதனால் பலரிடம் இருக்காது. ஸ்கிரீன்ஷாட் செல்லாது. விடுதி வைஃபையிலேயே பாஸை இறக்கிக்கொள்ளுங்கள், மைதானத்தைச் சுற்றிப் பல்லாயிரம் போன்களுக்கு நடுவே நெட் கிடைப்பது கஷ்டம்.

பின்னர் சேர்த்தது: "அப்பாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அணியின் டிக்கெட் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். சில அணிகள் பிளாஸ்டிக் கார்டோ அச்சிட்ட டிக்கெட்டோ தருகின்றன. ஆட்டத்தன்று வாசலில் போய் நின்று கேட்டால் அந்த நெரிசலில் யாருக்கும் பொறுமை இருக்காது.

6. ஆட்டத்தன்று

ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் வாங்கியிருப்பது சொந்த அணிப் பகுதி என்பதால் எதிரணி ஜெர்சி போடக் கூடாது, அவர்கள் கோல் அடித்தால் துள்ளவும் கூடாது, வெளியேற்றிவிடுவார்கள். எதிரணிப் பகுதி டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு என்று படித்துவிட்டு அதைத் தேடாதீர்கள், அது ஊர் ஊராகப் போகும் பழைய ரசிகர்களுக்கே போதாது. வெளியே இரண்டு அணிப் பெயரும் போட்ட மஃப்ளர் விற்பார்கள். வாங்குவது உங்கள் இஷ்டம், உள்ளூர்க்காரர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள். இருக்கையில் உட்கார்ந்து பீர் குடிக்க முடியாது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது என்று 1985-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

பெரிய அணிதான் வேண்டுமா?

மெம்பர்ஷிப், குலுக்கல் எதுவும் வேண்டாம் என்றால் கீழ் லீக்குகளுக்குப் போங்கள். லண்டனிலேயே லேட்டன் ஓரியன்ட் இருக்கிறது. மைதானத்தின் நான்கு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனியிலிருந்தே ஆட்டம் பார்க்கிறார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இருக்கிறது; தங்கள் அணியை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதித்ததால் கோபப்பட்ட ரசிகர்கள் 2002-இல் தாங்களே தொடங்கிய அணி, 2020-இல் பழைய பகுதியான ப்ளவ் லேனுக்கே திரும்பிவிட்டது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு வாரம் முன்பு தளத்தில் சாதாரணமாக வாங்கலாம். ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தைப் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு அங்கே நடக்கும் ஆர்சனல் பெண்கள் அணியின் ஆட்டங்கள் நல்ல வழி. ஆண்கள் டிக்கெட்டைவிட மிகவும் மலிவு, பக்கத்துப் பக்கத்து இருக்கையும் கிடைக்கும். பிரீமியர் லீகிலிருந்து தனியாக நடக்கும் லீக் கோப்பை என்ற நாக்அவுட் போட்டியின் தொடக்கச் சுற்றுகளில் பெரிய அணிகளின் டிக்கெட்கூடச் சற்று இளகும், ஆட்டம் பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன் இரவு. ஊருக்கு வெளியே உள்ள மைதானம் என்றால், ஆட்டம் முடிந்தபின் திரும்பக் கடைசி ரயில் எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.