வெளியீட்டு விழா முடிந்த அடுத்த நாள்

மட்டக்களப்பில் நூல் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மங்கள விளக்கு, நயவுரை, முதற்பிரதி. பிறகு பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, என்வலப்பைக் கையில் வைத்துவிட்டு, நூலை வாங்கிக்கொண்டு கமராவைப் பார்த்து நிற்பார்கள். அன்றிரவு உறைகளைப் பிரித்து எண்ணும்போது அச்சகக் கடனில் பாதி அடைந்துவிட்டதே என்று மனம் குளிரும். அதை விற்பனை என்று எண்ணுவதுதான் சொந்தச் செலவில் நூல் போடுகிறவர்கள் விடும் பெரிய தவறு. கலியாண வீட்டில் கொடுக்கும் காசுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. வந்தவர்கள் உங்களுக்காக வந்தவர்கள். நூலைத் தேடுகிறவர் இனிமேல்தான் வரவேண்டும்.

அந்த மயக்கத்தில்தான் பிரதிகளும் கூடிப்போகின்றன. "300க்கும் 500க்கும் காசில் பெரிய வித்தியாசம் வராது" என்பார்கள் அச்சகத்தில். பொய்யில்லை. ஓப்செற் அச்சில் எத்தனை அடித்தாலும் பக்கங்களைப் பதிக்கும் பிளேட்டின் செலவு ஒன்றுதான், எண்ணிக்கை கூடினால் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். விற்றால்தானே அந்தக் கணக்கு! என் முதல் தொகுதியில் 500 அடித்தேன். மிச்சம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கார்த்திகை மழை ஓய்ந்து பெட்டியை இழுத்தால், அடியில் கறையான் மண். அட்டை தப்பியிருந்தது, கதைகளைக் காணோம். இப்போது பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 100 அடிக்கிறேன், முடிந்தால் அப்புறம் இன்னொரு 100.

அப்படி அடிக்க இறுதிக் கோப்பு உங்கள் கையில் இருக்கவேண்டும். பலர் அதை அச்சகத்துக் கணினியிலேயே விட்டுவிடுகிறார்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யுனிகோடிலும் ஒன்று மாற்றி வையுங்கள், அமேசனின் கிண்டிலில் மின்னூலாகப் போட அதுதான் வேண்டும். நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்னை அச்சுக்குப் போகுமுன் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவது வீண் அலைச்சல்.

கடைக்குக் கொடுப்பதிலும் நமக்கு வெட்கம் அதிகம். கல்முனையில் ஒரு கடையில் 10 பிரதி வைத்தேன், துண்டு எழுதி வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் போனால், "எத்தின தந்தீங்க தம்பி?" என்று என்னையே கேட்டார். அவரில் பிழையில்லை. திகதி, பிரதி, கடைக்கு விடும் கழிவு மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும்.

சரி, பதிப்பகம் எடுத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்ததா? அச்சுச் செலவு தீரும். உரிமைத்தொகை பெரும்பாலும் விலையில் 10 வீதம் அளவில் பேசப்படும். ஆனால் பதிப்பகத்துக்கு உங்கள் நூல் பலவற்றில் ஒன்று. தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சியில் அடுக்கப்படும் நூல் அக்கரைப்பற்றுக்குத் தானாக வராது. உங்களிடமே காசு வாங்கிப் போடுகிறவர் என்றால், பெயர்தான் பதிப்பகம்; செலவு உங்களுடையது, மீதிப் பிரதிகள் யாருடையவை என்று முதலிலேயே கேளுங்கள். மின்னூல் உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, இலங்கையில் நீங்களே விற்கலாமா, ஆசிரியர் பிரதி எத்தனை, அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன கழிவு: இவற்றை எல்லாம் தொலைபேசியில் பேசி முடித்துவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.