இருபத்துநாலு பேரோடு டர்பன் ஓட்டலில் இறங்கினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஓட்டல்களில் உபசாரத்துக்குக் குறைவில்லை. பெட்டி தூக்குபவர் முதற்கொண்டு நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நெற்றியில் திருநீற்றைப் பார்த்து 'வணக்கம்' சொல்பவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பை நம்பி முன்பதிவை அரைகுறையாக விட்டீர்களானால், வரவேற்பு மேஜை முன்னால் இரண்டு மணி நேரம் பெட்டி மேல் உட்கார வேண்டியதுதான்.

முதலில் விலை. இங்கே பல ஓட்டல்கள் வாடகையை 'பெர் பெர்சன் ஷேரிங்' என்று போடும். இருவர் அறையில் ஓர் ஆளின் பங்கு என்று பொருள். 900 ராண்ட் என்றிருந்தால் அறைக்கு 1,800. 24 பேருக்கு 12 அறை என்று கணக்குப் போட்டு ராத்திரிக்கு 10,800 வசூலித்துக்கொண்டு வருபவர், 21,600 பில்லைப் பார்த்து முழிப்பார். தனி அறை கேட்பவருக்கு 'சிங்கிள் சப்ளிமென்ட்' வேறு ஏறும். 15 சதவீத வாட் வரி, காலை உணவு இரண்டும் அந்த விலைக்குள் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

அந்த 12 அறைக் கணக்கும் நிற்காது. 15 பெண்கள், 9 ஆண்கள் என்றால் இரு பக்கமும் ஒருவர் மிஞ்சுவார், ஆக 13 அறை. நடுவில் ஒரு தம்பதி இருந்தால் 12-க்கு இறங்கும். இரண்டு தம்பதி என்றால் மறுபடி 13. அதனால் யார் யாரோடு என்று பெயர் எழுதி முடித்த பிறகே அறைகளை எண்ண வேண்டும். 'ட்வின்' என்றால் இரண்டு கட்டில், 'டபுள்' என்றால் ஒன்றே ஒன்று. இதை எழுதாமல் விட்டால் இரண்டு பெரியப்பாக்கள் ஒரே கட்டிலில் படுப்பார்கள்.

பெயர்ப் பட்டியலில்தான் தமிழ்க் குழுக்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. நாம் 'கே. முருகன்' என்று அனுப்புவோம். பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்று இருக்கும். மேஜையில் இருப்பவர் கந்தசாமி என்று தேடுவார், கிடைக்காது. குழுவில் மூன்று முருகன் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரு பகுதியையும் அதே வரிசையில் எழுதி, எண்ணையும் போட்டு, நான்கு நாள் முன்னதாக அனுப்புங்கள். முழங்கால் வலி உள்ளவர் பெயருக்கு எதிரே 'கீழ்த் தளம், தொட்டி இல்லாத ஷவர்' என்று குறியுங்கள். பழைய ஓட்டல்களில் குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து ஏறித்தான் குளிக்க வேண்டும். அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கழிப்பறையில் கைக்குழாய் பெரும்பாலும் இருக்காது, ஆளுக்கொரு பிளாஸ்டிக் சொம்பு அவசியம்.

பிளக் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. விமான நிலையக் கடையில் விற்கும் 'யுனிவர்சல்' அடாப்டர் பெரும்பாலும் இந்த ஊர்ச் சுவரில் நுழையாது. இங்கே வழக்கத்தில் இருப்பது மூன்று தடித்த உருளைப் பின். நம் வீட்டு ஏசி, கீசருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் அதேதான். தமிழ்நாட்டில் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் 15-லிருந்து 5 ஆம்பியருக்கு மாற்றும் கன்வர்ஷன் பிளக் கிடைக்கும். அறைக்கு ஒன்று வாங்கி, அதில் ஒரு ஸ்பைக் பஸ்டரைச் செருகினால் இரண்டு பேர் போனும் சார்ஜ் ஆகும். மின்வெட்டு 2024 முதல் வெகுவாகக் குறைந்திருந்தாலும், ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் டர்பனிலேயே குடிவரவு முடிந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் வழி என்றால் பெட்டிகளை அங்கேயே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். 24 பேருக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும்.

கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். 13 பேர் ஏறும் வேனில் ஆள் ஏறினால் பெட்டிக்கு இடமில்லை; பின்னால் ட்ரெய்லர் மாட்டிய வண்டி என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அறை பொதுவாக மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும். முன்பணம் பிடிப்பதற்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் பணம் கணக்கிலிருந்தே போய், திரும்பி வர நாளாகும்.

அறையில் கற்பூரமும் ஊதுபத்தியும் கூடவே கூடாது. கூரையிலுள்ள புகைக் கருவி அலறும், மாடியே காலியாகும், அபராதமும் பில்லில் ஏறும். டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு ஈஸ்டர் சமயத்தில் வருபவர்கள் இதை முதல் நாளே குழுவில் சொல்லிவிடுங்கள். பூஜை வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு, இல்லையேல் கோவில். ரைஸ் குக்கரும் வேண்டாம்.

காலை உணவில் பேக்கன் என்ற பன்றி இறைச்சியும் முட்டையும் ஒரே கல்லில் புரளும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், முட்டை நிச்சயம் வரும். இங்குள்ள தமிழர்களில் பலர் புரட்டாசியில் கவிச்சி தொடமாட்டார்கள். அதனால் உள்ளூர்த் தமிழ்ச் சமையல்காரரிடம் 'புரட்டாசிச் சாப்பாடு' என்றால் விளக்கம் தேவையில்லை. காய்கறி பிரியாணி, பருப்பு, மோர் என்று 24 பேருக்கும் வந்து சேரும். வெளிச் சாப்பாட்டைச் சாப்பாட்டறையில் பரிமாற ஓட்டலின் அனுமதி வாங்குங்கள். பன்னி சௌ (நடுவைக் குடைந்து குழம்பு நிரப்பிய ரொட்டி) ஆசைப்பட்டால் பீன்ஸ் போட்டது, ஆளுக்குக் கால் ரொட்டி போதும்.

எதைக் கேட்பதானாலும் 'ஹவ் ஆர் யூ' கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு கேளுங்கள். நேராக 'டவல் எங்கே' என்றால் இந்த ஊரில் அது முரட்டுத்தனம். 'ஜஸ்ட் நவ்' என்று சொன்னால் இப்போதே என்று நினைத்துவிடாதீர்கள். அரை மணியும் ஆகலாம், மறந்தும் போகலாம். 'நவ் நவ்' என்றால்தான் சீக்கிரம் வரும். பெட்டிக்கு 10 முதல் 20 ராண்ட், உணவகத்தில் பில்லில் 10 சதவீதம் டிப்ஸ் வழக்கம். இருட்டிய பிறகு கடற்கரைச் சாலையில் இரண்டு கட்டடம் தள்ளிப் போவதானாலும் ஊபர் அல்லது போல்ட் டாக்சி எடுங்கள்.

விடிகாலை விமானம் என்றால் காலை உணவைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். சைவம் எத்தனை, முட்டையில்லாமல் எத்தனை என்று முதல் நாள் மாலை 6 மணிக்குள் எழுதிக் கொடுங்கள். 4 மணிக்கு வண்டியில் திறந்து பார்த்து ஹாம் (பன்றி இறைச்சி) சாண்ட்விச் இருந்தால், மாற்றிக் கொடுக்கச் சமையலறையில் ஆள் இருக்காது.