மைலோ டின்னில் ஒலியின் உருவத்தைக் காணும் முறை

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளத்துக்கு அருகே நின்றவர்கள், ஒலி காதை மட்டுமன்றி நெஞ்சுக்கூட்டையும் அதிரச் செய்வதை உணர்ந்திருப்பார்கள். அந்த அதிர்வைக் கண்ணாலும் காணலாம். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி, மணல் தூவிய தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தபோது மணல் ஒதுங்கி அமைத்த கோலங்களை 1787இல் நூலாக வெளியிட்டார். அதன் எளிய வடிவத்தை இங்கே செய்து பார்ப்போம்.

முதலில் ஒரு சிறிய மைலோ டின்னின் அடிப்பகுதியையும் வெட்டி எடுத்து, கூரான விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். பெரிய பலூன் ஒன்றின் கழுத்தை நறுக்கிவிட்டு, எஞ்சிய பகுதியைச் சுருக்கமின்றி டின்னின் வாயில் இழுத்து மாட்டி, ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். எல்லாப் பக்கமும் ஒரே இழுவையாக இருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் கோலம் கோணலாகத்தான் வரும்.

அடுத்தது உப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் தூள் உப்பு கட்டிபட்டுவிடுவதால், வெறும் வாணலியில் சற்று வறுத்து ஆறவைத்த பிறகே தூவுங்கள். முகப்பவுடர் வேண்டாம். மிக நுண்ணிய தூள், அதிரும் பரப்பின் மேல் எழும் காற்றோட்டத்தில் சிக்கி, மிகுதியாக அதிரும் இடங்களிலேயே குவிந்துவிடும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் விளக்கினார்.

இப்போது மேல்நோக்கிப் படுக்கவைத்த ப்ளூடூத் ஒலிபெருக்கியின் மீது டின்னை நிறுத்தி, கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைத் திறந்து, 80 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 80 அதிர்வுகள்) தொடங்கி மெதுவாக உயர்த்துங்கள். ஓரிடத்தில் உப்பு திடீரெனத் துள்ளி விளிம்பை நோக்கி ஓடும். மேலும் உயர்த்தினால் நடுவில் ஒரு வளையம் தோன்றும். டின்னைச் சற்று ஓரமாக நகர்த்தினால் குறுக்குக்கோடும் கிடைக்கலாம். உப்புக் கோடுதான் அதிர்கிறது என்று தொடக்கத்தில் பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது அசையாத இடம். துள்ளும் பரப்பெல்லாம் உப்பை உதறித் தள்ள, அமைதியான இடத்தில் அது தங்குகிறது.

நம் செவிப்பறையும் இப்படி இழுத்துக் கட்டிய தோலே. அதற்கும் உள்ளே, நத்தைக்கூடு போன்ற காதுச்சுருளில் உயர்ந்த சுருதி நுழைவாயில் அருகிலும் தாழ்ந்த சுருதி உச்சியின் பக்கத்திலும் அலையை மிகுதியாக எழுப்புகின்றன. இந்த அலையை நுண்நோக்கியில் கண்டறிந்த கியோர்க் வான் பெகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இறுதியாக, பலூனின் நடுவில் வெள்ளிக்காசு அளவு பிசைந்த சப்பாத்தி மாவை மெல்லத் தட்டி ஒட்டிவிட்டு மீண்டும் முயலுங்கள். எடை கூடியதால், உப்பு முதலில் துள்ளும் சுருதி முன்னைவிடக் கீழே இறங்கியிருக்கும். தோலைத் தட்டும்போது, அதன் மிகத் தாழ்ந்த ஒலியான அடிச்சுரத்தோடு அதைவிட உயர்ந்த மேற்சுரங்களும் சேர்ந்து எழும். சாதாரணத் தோலில் இவை அடிச்சுரத்தோடு முழு எண் விகிதத்தில் இணைவதில்லை. இரண்டாவது சுரம் ஏறத்தாழ 1.59 மடங்கில் நிற்கும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் அப்பும் கரும்பசை அவற்றை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் தோலின் மீது மணலைத் தூவியே காட்டினார். மாவின் அளவை மாற்றி மாற்றி ஒட்டி, ஒவ்வொரு முறையும் உப்பு துள்ளத் தொடங்கும் ஹெர்ட்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.