பச்சிளம் குழந்தையின் இதயப் பரிசோதனை: எங்கே கோட்டை விடுகிறோம்?

"குழந்தை நல்ல நிறமாக இருக்கிறது, பாலும் குடிக்கிறது, இதயத்தில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?" இந்தப் பேச்சுதான் முதல் தவறு. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சதவீதத்தில்) 80களுக்கு இறங்கிய பிறகும் உடல் நீலம் பாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மாநிறக் குழந்தைகளில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கண் ஏமாறும் இந்த இடத்தில்தான், தோலின் மேல் சென்சார் வைத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் உதவுகிறது. அமெரிக்கா 2011இல் இந்தப் பரிசோதனையைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். எளிது என்பதாலேயே ஏனோதானோவென்று செய்துவிடவும் வாய்ப்பு அதிகம்.

பிறந்து 24 மணி நேரம் ஆவதற்குள் அவசரப்பட்டுப் பார்த்தால், நலமான குழந்தைக்கும் அளவு குறைவாகக் காட்டக்கூடும். பெற்றோருக்கு வீண் பதற்றம். அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், கிளம்பும் நேரத்துக்கு எவ்வளவு நெருக்கத்தில் முடியுமோ அப்போது பார்க்க வேண்டும்.

வலது கை, ஏதாவது ஒரு கால்: இரண்டிலும் அளக்க வேண்டும். கைக்கு எட்டியது என்று இடது கையில் மாட்டுவது சரியல்ல. கருவில் நுரையீரல் தமனியைப் பெருநாடியோடு இணைத்த குழாய், பிறந்த பிறகும் சில நாட்கள் திறந்திருக்கலாம். வலது கைக்குப் போகும் இரத்தம் அந்தச் சந்திப்புக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போவது அதைத் தாண்டித்தான் போகிறது. இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே இரண்டு இடங்கள். பெரியவர்களின் விரலில் மாட்டும் கிளிப்பும் வேண்டாம். பச்சிளம் குழந்தைக்கென்று சுற்றி ஒட்டும் சென்சார் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கான விளக்கின் கீழ் குழந்தை இருந்தால் சென்சாரை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பது. கையிலும் காலிலும் 95 அல்லது அதற்கு மேல், இடைவெளி 3க்கு மிகாமல் இருந்தால் தேர்ச்சி. ஏதாவது ஒன்றில் 90க்குக் கீழே போனால் மறுபரிசோதனை என்ற பேச்சே இல்லை, மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். இடைப்பட்ட நிலையில் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி முன்பு இப்படி இரண்டு முறை பார்க்க இடம் தந்தது. திருத்திய வழிமுறையில் ஒரே முறைதான். "எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவர் நாளை வருவார்" என்று தேர்ச்சி பெறாத குழந்தையை ஓரமாகப் படுக்க வைப்பதும் கூடாது. அளவு குறைவதற்கு நிமோனியாவோ இரத்தத்தில் கிருமித்தொற்றோகூடக் காரணமாக இருக்கலாம், அவையும் காத்திருக்காது.

தேர்ச்சி பெற்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறே. பெருநாடிச் சுருக்கம் இந்தச் சோதனையில் நழுவிப்போவதுண்டு. தொடை இடுக்கில் நாடி சரியாகத் துடிக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. வீட்டுக்குப் போன பிறகு பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 98 என்று எழுதியிருந்தாலும் சரி.