ஐரிஷ் மொழிப் பாட்டைக் கேட்கும் முறை: கதை முதலில், மெட்டு பிறகு

அயர்லாந்தின் ஷான்நோஸ் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, கூடப் பாட ஆளும் கிடையாது. பாடுகிறவர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பாடுவார். ஷான்நோஸ் என்றால் பழைய பாங்கு. ஐரிஷ் மொழியில் ஒருவரைப் பாடச் சொல்லும்போது ‘ஒரு பாட்டுச் சொல்’ என்பார்கள். பாட்டுப் ‘படி’ என்கிறோமே, அது போல. சொல்வதைத்தான் கேட்கிறோம் என்ற நினைப்போடு உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் ஒரே ஒரு பாட்டு போதும். பத்துப் பாட்டை வரிசையாக ஓடவிட்டால் எல்லாம் ஒன்று போலத் தோன்றி அலுத்துவிடும்; பலர் விட்டுவிடுவது இங்கேதான். தொடக்கத்துக்கு ‘அனஹ் குவன்’ நல்லது. தேடும்போது ஆங்கில எழுத்தில் ஏ-என்-ஏ-சி-எச், இடம் விட்டு சி-யு-ஏ-ஐ-என் என்று அடியுங்கள்.

பாட்டைப் போடுவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1828 செப்டம்பரில், கால்வே நகரச் சந்தைக்கு ஆட்களையும் ஆடுகளையும் ஏற்றிப்போன படகு கோரிப் ஏரியில் மூழ்கியது. ஓர் ஆடு காலை ஊன்றியதில் அடிப்பலகை உடைந்தது, அடைக்கப் போனவரால் ஓட்டை இன்னும் பெரிதானது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ராஃப்டரி என்ற பார்வையற்ற கவிஞர் கட்டிய பாட்டு இது. பதினோரு ஆண்களும் எட்டுப் பெண்களும் போனதாகக் கணக்குச் சொல்லி, சிலரைப் பெயர் சொல்லியே அழுகிறது. எழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு, கன்னிவாடிச் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அயர்லாந்திலும் பாடகர்கள் பாட்டுக்கு முன் அதன் கதையைச் சொல்வது வழக்கம். உடுக்கைப் பாட்டில் அண்ணமார் கதை கேட்டு வளர்ந்த காதுக்குப் பேச்சும் பாட்டும் மாறிமாறி வருவது புதிதல்ல.

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை வெறுமனே. இரண்டாம் தடவை வரிகளையும் ஆங்கிலப் பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மூன்றாம் தடவை முதல் கண்ணியையும் மூன்றாம் கண்ணியையும் மட்டும், அதே இடத்து வரியை ஒப்பிட்டு. மெட்டு ஒன்றுதான், ஆனால் குரல் சுழலும் இடம் மாறியிருக்கும். ஒரு கண்ணியில் நேராகப் போன சொல் அடுத்ததில் நாலைந்து சின்னச் சுரங்களாக உடையும். பாடகரின் கைத்திறன் முழுக்க அங்கேதான்.

தொடையில் தாளம் போடாதீர்கள். விருத்தம் பாடும்போது போடுவோமா? நடை சொல்லோடு போகிறது. ஆனால் விருத்தத்தில் போல ராகத்தை விரிக்க மாட்டார்கள், சுருதிப்பெட்டியும் இல்லை. சில மெட்டுகள் சங்கராபரணம், அரிகாம்போதி, கரகரப்பிரியா போலத் தோன்றும், சுர வரிசை ஒத்திருப்பதால். அடையாளம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் நம் கமகத்தை எதிர்பார்த்து ஏமாந்துபோவோம். மூக்கால் பாடுகிறாரே என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் குரலும் அங்கே மதிக்கப்படுவதுதான்.

தறி ஓடும் நேரத்தில் கேட்காதீர்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம்: அந்தச் சின்னச் சுரங்களை இரைச்சல் முழுசாக விழுங்கிவிடும். காதில் மாட்டும் ஹெட்போன், பேஸ் கூட்டாமல், எக்கோ இல்லாமல். தறி நிற்கும் நாளின் விடிகாலை மிக நல்லது.

அடுத்து வட்டாரம். மேற்கே கன்னமாரா வட்டாரப் பாணியில்தான் சுழிப்பு அதிகம்; கார்னாவில் 1919-ல் பிறந்த ஜோ ஹீனியிடமிருந்து தொடங்குங்கள். தெற்கே வாட்டர்ஃபோர்டு மாவட்டத்து ரிங் ஊர்க்காரர் நிக்லாஸ் தோபீன். குரல் உயர்ந்து அகன்று போகும். வடக்கே டோனகலில் சுழிப்பு குறைவு, நடை சீர். தாளம் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் டோனகலிலிருந்து தொடங்கலாம்.

சொல் உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு: குறில் நெடில். உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் நெடில். அதை விட்டால் பொருளே மாறும். குறிலில் ‘மனிதன்’ ஆக இருக்கும் சொல் நெடிலில் ‘புல்’ ஆகிவிடும்.

1972 முதல் இயங்கும் அயர்லாந்தின் ஐரிஷ் மொழி வானொலியை இணையத்தில் கேட்கலாம். அவர்கள் நேரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை. அங்கே இரவு எட்டு மணி நிகழ்ச்சி, குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு ஒன்றரை.

நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நன்று. பிடித்த வரி முடிந்ததும் ‘மாஹூ’ என்று சொல்லலாம். சபாஷ் என்று பொருள். நாம் கதைக்கு ‘உம்’ கொட்டுவது போலத்தான். சில பாடகர்கள் கடைசிச் சொற்களைப் பாடாமல் சாதாரணக் குரலில் பேசி முடிப்பார்கள். பாட்டு நின்றுவிட்டதென்று அங்கே அணைத்துவிடாதீர்கள்.