அடி வாங்கிய பெண் முதலில் பாஸ்டரிடம்தான் வருகிறாள்: அங்கே நடக்கும் தவறுகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஒரு அக்கா மட்டும் தூணோரமாக நிற்பார். பைக்குள் எதையோ தேடுவதுபோல் கையை விட்டுக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று காத்திருப்பார். கடைசியில் பக்கத்தில் வந்து, "ஐயா, எங்க வீட்டுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாய் திறப்பாரா மாட்டாரா என்பது நாம் அடுத்துச் சொல்லும் வார்த்தையில் இருக்கிறது.

நான் பல வருடம் சபையில் பெண்கள் ஐக்கியத்தில் இருந்தவள். அதனால் பாஸ்டர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனால் குருக்களிடமும் ஹஜ்ரத்திடமும் ஃபாதரிடமும் இதே அக்காக்கள்தான் போய் நிற்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படுகிறவர்கூட சாமி காரியமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு வெளியே வர முடியும்.

முதல் தவறு, "பொறுத்துப்போம்மா, கர்த்தர் அவரை மாற்றுவார்" என்பது. இதை அவர் தன் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டுச் சலித்துப்போய்த்தான் உங்களிடம் வந்திருக்கிறார். மனைவிகள் கீழ்ப்படியவேண்டும் என்று எபேசியர் 5:22ஐ எடுத்துக் காட்டுகிறோம். மூன்று வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்புகூரவேண்டும் என்று புருஷனுக்குச் சொல்லியிருப்பதை அடிக்கிற ஆளிடம் நம்மில் எத்தனை பேர் வாசித்துக் காட்டியிருக்கிறோம்?

அதைவிட ஆபத்தானது, "அவரையும் வரச் சொல்லு, ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசறேன்" என்பது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், அதனால்தான் இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டுப் பேசினார்கள். கணவர் முழங்கால் போட்டு அழுதார், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். திரும்பிப் போகும்போது பைக்கில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வெளியே போய் என்னத்த சொன்ன?" அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த அக்கா சபைப் பக்கமே வரவில்லை, அந்த எட்டு மாதமும் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் சம்மதம் இல்லாமல் கணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது.

ஜெபக் குறிப்பும் அப்படித்தான். "இன்ன சகோதரி குடும்பத்தில் சமாதானத்துக்காக" என்று வாட்ஸப் குரூப்பில் போட்டால், சாயங்காலத்துக்குள் அது அவர் நாத்தனார் போனுக்குப் போய்விடும். அந்த வீட்டை விட்டு வெளியே வந்து கொஞ்ச நாளிலேயே மேடையேறிச் சாட்சி சொல்ல வைப்பது, மன்னித்துவிட்டாயா என்று வாரா வாரம் கேட்பது, இதெல்லாமும் வேண்டாம்.

கேட்காமல் தலையில் கை வைக்காதீர்கள். ஜெபிக்கக் கை நீட்டியதும் ஒரு பெண் இரண்டு கையையும் முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். கை ஓங்கினாலே அடி என்று உடம்பு பழகியிருந்தது. திடுக்கிடுவது, தூக்கம் இல்லாமல் போவது, திடீரென்று கத்துவது, சில நேரம் கல்லாகிப்போவது எல்லாம் காயத்தின் அடையாளம். அதைப் பிசாசு என்று சொல்லி உபவாசம் போட வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை நம் ஊர் மறக்கக்கூடாது. இன்று அந்தத் தர்காவிலேயே துஆ என்னும் வேண்டுதலோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நீங்களும் ஜெபியுங்கள், டாக்டரிடமும் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்கு வீட்டிலிருந்தே போன் செய்யலாம்.

குழந்தை விஷயம் தனி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், ஏன், நடக்கக்கூடும் என்ற பயம் வந்தாலே, 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில். மதத் தலைவர் என்று யாருக்கும் அதில் விலக்கு இல்லை. சபைக் கமிட்டி கூடி விசாரிப்பது, பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது, சம்பந்தப்பட்ட ஆள் முன்னாலேயே நிறுத்திக் கேட்பது, மூன்றுமே பிள்ளைக்குச் செய்யும் துரோகம். அந்த ஆள் சண்டே ஸ்கூல் டீச்சராக இருந்தால் அன்றைக்கே பிள்ளைகள் பக்கம் வரவிடாதீர்கள், சபைப் பேர் கெடுமே என்று யோசிக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பெரியவர்கள் விஷயத்தில் முடிவு அவர்களுடையது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று 4ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள், எப்போது போவது என்று அவருக்குத்தான் கணக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து என்றால் 112. மற்றபடி பெண்களுக்கான உதவி எண் 181க்கு போன் செய்யலாம். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், போலீஸ், வக்கீல் உதவியோடு சில நாள் தங்க இடமும் கிடைக்கும். அந்த மையம் எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். அவர் வந்து நிற்கிற அன்றைக்கு விலாசம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, தூணோரம் நிற்கும் அக்காவிடம் என்ன சொல்வது? ஜன்னல் திறந்த இடமாகப் பார்த்து உட்காரவைத்து, உங்கள் மனைவியோ வேறொரு அக்காவோ பக்கத்தில் இருக்கலாமா என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள், இடையில் வசனம் சொல்லாதீர்கள். "இது உங்க தப்பு இல்லம்மா, சொன்னது நல்லது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுந்து போகும்போது, எந்த நேரத்தில் போன் செய்தால் பிரச்சினை இல்லை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "பத்து மணிக்கு மேல, அவர் வேலைக்குப் போயிருப்பார்" என்பார். மறுநாள் பத்தேகாலுக்கு அந்த போனைப் போடுங்கள்.