மெயின் எழுதாமல் ஜாவாவைத் தொடங்குங்கள்

பல வருடங்கள் நானும் போர்டில் 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்' (புரோகிராம் ஓடத் தொடங்கும் இடம்) என்று எழுதித்தான் ஜாவா புரோகிராமிங் வகுப்பைத் தொடங்கினேன். "ஸ்டேடிக்னா என்ன சார்?" அப்புறம் சொல்கிறேன். "வாய்ட்?" அதுவும் அப்புறம். ஆப்ஜெக்ட் பாடம் வருவதற்குள் பாதிப் பேர் மனப்பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

இப்போது முதல் நாளே புளூஜே, ஜாவா எழுதி ஓட்டிப் பார்க்கும் ஒரு மென்பொருள். மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பர்க்கும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், கற்பிப்பதற்கென்றே 1999 வாக்கில் உருவாக்கியது. இலவசம். விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே ஜேடிகேயும் (ஜாவாவுக்கான கருவித் தொகுப்பு) சேர்ந்து வருவதால், அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 'பாத்' அமைக்கும் தலைவலி இல்லை.

முந்தின நாளே 'பஸ்' என்று ஒரு சின்ன கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளுக்கான அச்சு) எழுதி வைத்துவிடுங்கள். பயணிகள் எண்ணிக்கைக்கு ஒரு ஃபீல்டு, ஏற்றவும் இறக்கவும் இரண்டு மெத்தட். அவ்வளவு போதும். திரையில் அது ஒரு பெட்டியாகத் தெரியும். மேலே கோடு கோடாக இருந்தால் இன்னும் கம்பைல் ஆகவில்லை, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாறவில்லை. கம்பைல் செய்து, பெட்டியில் ரைட் கிளிக் செய்து 'நியூ' கொடுத்தால், கீழே சிவப்புப் பெட்டியாக ஓர் ஆப்ஜெக்ட், அந்த அச்சில் வார்த்த ஒரு பஸ், வந்து உட்காரும். இரண்டு உருவாக்கச் சொல்லுங்கள்.

முதல் பஸ்ஸில் ரைட் கிளிக், ஏற்றும் மெத்தட், 5 பேர். ஆப்ஜெக்ட்டின் உள்ளே இருப்பதைக் காட்டும் 'இன்ஸ்பெக்ட்' ஜன்னலைத் திறக்கும் முன் கேளுங்கள்: இரண்டாவது பஸ்ஸில் எத்தனை பேர்? ஐந்து என்று சிலராவது சொல்வார்கள். இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டுங்கள். ஒன்றில் 5, மற்றதில் 0. இங்கே அவசரப்படாதீர்கள், நான் அரை மணி நேரம் இதிலேயே நிற்பேன்.

அடுத்து 500 பேரை ஏற்றச் சொல்லுங்கள். பஸ் மறுக்காது. "எங்க ஊர் பஸ்ல ஏறுவாங்க சார்" என்று ஒரு குரல் வரும்; சிரித்து முடித்ததும் எடிட்டரைத் திறந்து ஓர் 'இஃப்' நிபந்தனை எழுத வைக்கலாம். அவர்கள் எழுதும் முதல் புரோகிராம் வரி அதுதான்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள்: கிளாஸைத் திருத்திக் கம்பைல் செய்தால் கீழே இருந்த ஆப்ஜெக்ட்டெல்லாம் காணாமல் போகும். நான் சொல்ல மறந்த நாளில் ஒரு மாணவி எதையோ அழித்துவிட்டோம் என்று பயந்து, வகுப்பு முடியும் வரை மவுஸையே தொடவில்லை. இன்னொன்று, மெத்தட் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கேட்டால் இரட்டை மேற்கோள் குறிக்குள்தான் தர வேண்டும். இதற்குத்தான் அதிகமாகக் கை தூக்குவார்கள்.

இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் மெத்தட்களைப் பெறுவது) வரும்போது, அதே குழுவின் இன்னொரு மென்பொருளான கிரீன்ஃபுட்டுக்கு மாறலாம். 'ஆக்டர்' கிளாஸிலிருந்து ஒரு நண்டை உருவாக்கி, 'ஆக்ட்' மெத்தடில் 'மூவ்' எழுதி 'ரன்' கொடுத்தால் நண்டு நடக்கும். நாம் எழுதாத 'மூவ்' எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்பார்கள்.

தொழில்முறை மென்பொருளான எக்லிப்ஸோ இன்டெலிஜேயோ அதற்குப் பிறகு. அங்கே ரைட் கிளிக் செய்து ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாதே, முதல் ஆப்ஜெக்ட்டை யார் உருவாக்குவது என்று கேளுங்கள். மெயினை அன்றைக்கு எழுதுங்கள். ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாதபோதே அதைக் கூப்பிட வேண்டும், அதனால்தான் ஸ்டேடிக் என்றால், இப்போது தலையாட்டுகிறார்கள்.